கூடப் பிறந்தது குற்றமா?

நமது நாட்டில் ஒரு வீட்டில் கைகால் வராத குழந்தையோ, பேச்சு வராத குழந்தையோ, புத்தி வளர்ச்சி குன்றிய குழந்தையோ பிறந்துவிட்டால், அந்தக் குழந்தையைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்ல ஊரில் நூறு பேர் இருக்கின்றார்கள். அதைப் பெற்றவளைப் பார்த்து "என்ன பாவம் செய்தாளோ" என்று சொல்ல இன்னும் நூறு பேர் இருக்கின்றார்கள். ஆனால் அதே வீட்டில், அதே கூரையின் கீழ், பதின்மூன்று முதல் பதினெட்டு வயதிற்குள் ஒரு அக்காளோ அண்ணனோ, தம்பியோ தங்கையோ இருந்தால், அந்தப் பிள்ளையைப் பார்த்து, "உனக்கு எப்படியம்மா இருக்கிறது?" என்று கேட்க ஒருவராவது இருக்கின்றார்களா என்றுதான் நாம் கேட்கின்றோம்.

இது ஏதோ சின்ன விஷயம், பெரிய பெரிய காரியங்கள் இருக்க இதைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி இந்தியாவில் ஊனமுள்ளவர்கள் 2 கோடியே 68 லட்சம் பேர். நமது தமிழ்நாட்டில் மாத்திரம் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். இவர்களில் சிறு பிள்ளைகளாக இருக்கிற ஒவ்வொருவருக்கும் கூடப் பிறந்தது ஒன்றாவது இருக்குமானால், அப்பிள்ளைகளின் தொகை எவ்வளவு என்று வாசகர்களே யோசித்துக் கொள்ளலாம். ஊனமுள்ளவர்களையாவது சர்க்கார் எண்ணிப் பார்த்தது. இவர்களை யார் எண்ணினார்கள்?

புளியங்குடியில் ஒரு வீட்டை மனதில் எண்ணிக் கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், இப்படிப்பட்ட வீடு எந்தத் தெருவிலும் இருக்கக் கூடும். தகப்பன் எலுமிச்சம்பழ மண்டியில் மூட்டை ஏற்றுகிறவன். தாய் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவள். மூத்தவள் பத்தாம் வகுப்பு வாசிக்கிறாள். இளையவனுக்கு ஒன்பது வயது. பிறந்தபோது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்டதால் தானாக நடக்கவும் மாட்டான், தானாகச் சாப்பிடவும் மாட்டான். விடிந்ததும் தம்பிக்குப் பல் துலக்கி, கால் கழுவி, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும். சாயங்காலம் வந்தால் தாயின் இலைத் தட்டு காலியாகும் வரையில் தம்பியை இவள்தான் பார்க்க வேண்டும். ராத்திரி அவன் அலறினால் எழுந்திருப்பவளும் இவளே. பள்ளித் தோழிகள் வீட்டுக்கு வருகிறோம் என்றால், "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறாள். ஒரு நாள் மார்க்கு குறைந்து போனால், "உனக்கு என்னடி குறை? கையும் காலும் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். மார்க்கு நன்றாக வாங்கினாலோ, அதைப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை. இதற்கெல்லாம் மேலாகத் தாயானவள் ஒரு நாள் கண்ணீரோடு, "எங்களுக்கு அப்புறம் இவனுக்கு நீதாம்மா எல்லாம்" என்று சொல்லிவிடுகிறாள். பதினைந்து வயதுப் பெண்ணின் தலையில் ஐம்பது வருஷத்துப் பாரத்தை ஒரே வார்த்தையில் ஏற்றியாகிவிட்டது.

அந்தத் தாய் கெட்டவளா? இல்லவே இல்லை. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. வழி உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லவுமில்லை. அவளிடம் யார் வந்து என்ன சொன்னார்கள் என்று பார்த்தால், சோசியன் வந்தான், "பூர்வ ஜென்ம கர்மம்" என்றான். மந்திரவாதி வந்தான், "குல தெய்வத்துக்குக் குறை வைத்தீர்கள்" என்றான். அண்டை வீட்டுக்காரி வந்தாள், "கிரகணத்தில் வெளியே வந்திருப்பாய்" என்றாள். ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்லி, ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு செலவும் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தச் செலவில் மூத்தவளின் பள்ளிக்கூடத்துப் பணமும் சேர்ந்தே போயிற்று என்பதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

இந்தக் கர்மக் கணக்கைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம். தம்பியின் கால் வராதது தம்பி போன ஜென்மத்தில் செய்த பாவம் என்றே வைத்துக் கொள்வோம். அப்படியானால் அக்காள் படுகிற கஷ்டம் யார் செய்த பாவம்? அவளும் பாவம் செய்தவள் என்றால், அவளுக்கு ஏன் கைகால் நன்றாயிருக்கிறது? தாய் செய்த பாவம் என்றால், தாயின் கடனுக்குப் பிள்ளைகளை ஜப்தி செய்கிற கடவுள் எந்தக் கோர்ட்டில் சட்டம் படித்தார்? எந்தக் கேள்விக்கும் பதில் இல்லாத இந்தக் கணக்கை நம்பச் சொல்லுகிறவர்கள், அதனால் அந்த வீட்டிற்குக் கடுகளவாவது நன்மை உண்டா என்றாவது சொல்லட்டும். உண்டான தீமையோ கண்கூடாகத் தெரிகிறது. "எங்கள் குடும்பம் பாவப்பட்ட குடும்பம்" என்று நம்பி வளருகிற பிள்ளை ஊரார் முகத்தில் விழிக்கவே கூசுகிறது. சிறு பிள்ளையாக இருக்கும்போது, "நான் ஒரு நாள் தம்பியைத் திட்டினேனே, அதனால்தான் அவனுக்கு இப்படி ஆயிற்றோ" என்று தன் மேலேயே பழியைப் போட்டுக் கொள்வதும் உண்டு. விஷயம் இன்னதென்று எடுத்துச் சொல்லாத வீட்டில் பிள்ளைகள் தாமாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துக் கொள்ளுகின்றன. அந்தக் காரணம் பெரும்பாலும் உண்மையைக் காட்டிலும் கொடியதாகவே இருக்கும்.

விதி என்று சொல்லப்பட்டதெல்லாம் விதிதானா என்பதற்கு இளம்பிள்ளை வாதம் ஒன்றே போதும். கால் சூம்பிப் போன பிள்ளைகளை நமது கிராமங்களில் தெருவுக்குத் தெரு பார்த்தவர்கள் இன்றைக்கும் இருக்கின்றார்கள். அன்றைக்கு அதையும் தலையெழுத்து என்றுதான் சொன்னார்கள். பிள்ளைகளின் வாயில் இரண்டு சொட்டு மருந்து விட்டதும் தலையெழுத்து அழிய ஆரம்பித்தது. இந்தியாவில் கடைசியாக அந்நோய் கண்டது 2011-ஆம் வருஷம் ஜனவரி மாதம். 2014-இல் இந்நாடு அந்நோய் நீங்கிய நாடு என்று அறிவிக்கப்பட்டது. பிரமன் எழுதிய எழுத்து இரண்டு சொட்டில் கரைந்து போகுமானால், எழுதியவன் யோக்கியதை என்ன?

டவுன் நோய்க்குறி என்கிறார்களே, அதற்குக் காரணம் 21-ஆம் குரோமோசோம் ஒன்று அதிகமாக இருப்பதுதான் என்பது 1959-லேயே பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. மூளை வாதம் என்பது பிள்ளை வயிற்றிலிருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திற்குள்ளோ, வளருகிற மூளைக்கு உண்டாகும் சேதத்தால் வருவது. அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதல்ல. பெரும்பாலும் பரம்பரையாக வருவதுமல்ல. இவ்வளவையும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேரத்தில் சொல்லி விடலாம். பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாசிக்கிற பிள்ளைக்குத் தன் சொந்தத் தம்பியின் உயிரியல் புரியாமலா போய்விடும்?

இனி இவ்வயதுப் பிள்ளைகள் என்னதான் கஷ்டப்படுகின்றார்கள் என்று பார்ப்போம். அவர்களுக்குத் தம்பி மேல் அன்பு உண்டு, கோபமும் உண்டு. தெருவில் யாராவது தம்பியைப் பரிகாசம் செய்தால் அடிக்கப் போகின்றார்கள்; அதே தம்பியைக் கூட்டிக் கொண்டு கலியாண வீட்டுக்குப் போக வெட்கப்படுகின்றார்கள். வெட்கப்பட்டோமே என்று ராத்திரி அழுகின்றார்கள். எல்லாக் கவனமும் அவனுக்கே போகிறதே என்று பொறாமைப்படுகின்றார்கள். நடக்க மாட்டாதவன் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம் என்று தங்களையே வெறுத்துக் கொள்ளுகின்றார்கள். பெற்றோர் ஏற்கனவே படுகிற பாட்டில் நாமும் ஒரு கஷ்டம் கொடுக்கக் கூடாது என்று, தலைவலி வந்தாலும் சொல்லாமல் "நல்ல பிள்ளை"யாக இருந்து விடுகின்றார்கள். ஊரார் இந்தப் பேசாமையைப் பார்த்துப் பொறுமை என்று மெச்சுகின்றார்கள்.

கோபமும் வெட்கமும் பொறாமையும் மனித சுபாவம். அவை பாவமும் அல்ல, அன்பில்லாமைக்கு அடையாளமும் அல்ல. இதைப் பெற்றோர் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் போதும், அப்பிள்ளைக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும். ஆனால் நமது வீடுகளில் நடப்பதென்ன? "இப்படியெல்லாம் நினைக்கலாமா? அவன் கடவுள் கொடுத்த பிள்ளை" என்று வாயை அடைத்து விடுகின்றார்கள். கடவுள் கொடுத்தாரென்றால் கடவுளே குளிப்பாட்டட்டுமே. பத்தாம் வகுப்புப் பெண் ஏன் குளிப்பாட்ட வேண்டும்?

அதிலும் பெண்ணாகப் பிறந்தவளின் கதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இதே வீட்டில் மூத்தது ஆண் பிள்ளையாயிருந்தால் அவன் சாயங்காலம் பந்து விளையாடப் போவான். யாரும் தடுக்க மாட்டார்கள். பெண்ணாயிருப்பதால் அவளுக்குத் "தியாகி", "குட்டித் தாய்" என்று பட்டம் கொடுத்து மூலையில் உட்கார வைத்து விடுகின்றார்கள். ஒருவன் மாட்டிக் கொண்ட கட்டாயத்திற்குத் தியாகம் என்று பெயர் வைப்பது நமது நாட்டில் வெகு நாளைய தந்திரம். தானாக விரும்பிச் செய்தால்தான் அது தியாகம். வேறு வழியில்லாமல் செய்வது வெட்டி வேலை.

சட்டமாவது இவளைக் காக்கிறதா என்று பார்த்தால், 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பீடிக் கம்பெனியில் கூலிக்கு வைத்தால் முதலாளி மேல் கேஸ் உண்டு. வீட்டில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நோயாளிக்குத் தாதி வேலை பார்த்தால் அதற்குப் பெயர் வேலையே அல்ல, "குடும்பத்துக்கு ஒத்தாசை". இங்கிலாந்தில் 2014-ஆம் வருஷத்துச் சட்டப்படி, வீட்டிலுள்ள ஊனமுள்ளவரைக் கவனித்து வருகிற சிறு பிள்ளைகளுக்கு என்ன உதவி தேவை என்று ஸ்தல ஸ்தாபனமே விசாரித்துப் பார்க்க வேண்டும். அங்கே அது பிள்ளைகளின் உரிமை. இங்கே இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்பதே எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை.

கலியாணப் பேச்சு வந்துவிட்டாலோ கேட்க வேண்டியதில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாமல் தம்பியை அன்றைக்கு மாமன் வீட்டில் கொண்டு விடுகிறார்கள். விஷயம் தெரிந்தால் "அந்த வீட்டு ரத்தத்திலேயே குறை" என்று எழுந்து போய் விடுகிறார்கள். "வெளியில் யாரும் எடுக்க மாட்டார்கள், சொந்தத்திலேயே முடித்துவிடு" என்று பெரியவர்கள் சொல்ல, தாய்மாமனுக்கோ, அத்தை மகனுக்கோ அவளைக் கட்டி வைத்து விடுகின்றார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கலியாணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் சொந்தத்தில் கட்டிக் கொண்டவர்கள். தம்பியின் நோய் பிறக்கும்போது உண்டான சேதத்தால் வந்ததானால் அவளுடைய பிள்ளைக்கு அதனால் யாதொரு பயமும் கிடையாது. ஆனால், தாய் தகப்பன் இருவரிடத்தும் மறைந்திருந்து, இரண்டு பக்கத்துக் கூறும் ஒன்று சேர்ந்தால் மாத்திரம் வெளிப்படுகிற நோய்கள் சில உண்டு. அப்படிப்பட்ட நோயுள்ள பிள்ளையோடு பிறந்து, தான் நோயில்லாமலிருப்பவர், அக்கூற்றை மறைவாகச் சுமந்திருக்க மூன்றில் இரண்டு பங்கு இடமுண்டு. சொந்தக்காரனிடத்திலும் அதே கூறு இருக்க வாய்ப்பு அதிகம். அதாவது, ஆபத்தில்லாத இடத்தில் ஆபத்து என்று பயந்து ஓடி, ஆபத்து இருக்கிற இடத்திலேயே போய் விழுகிறார்கள். ஜாதகப் பொருத்தம் பத்தும் பார்க்கிறவன் இந்த ஒரு பொருத்தத்தை டாக்டரிடம் கேட்டானா? "எனக்குப் பிறக்கிற பிள்ளையும் இப்படி இருக்குமா?" என்ற கேள்வி அந்தப் பெண்ணின் மனதில் வருஷக் கணக்காக அரித்துக் கொண்டிருக்கிறது. அதற்குப் பதில் சோசியனிடத்தில் இல்லை. பரம்பரை நோய் தெரிந்த வைத்தியரிடத்தில் இருக்கிறது.

இந்த மறைக்கும் புத்தி ஏழைகளிடத்தில் மாத்திரம் இருப்பதென்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஜனாதிபதியாக வந்த ஜான் கென்னடியின் வீட்டில் ரோஸ்மேரி என்ற சகோதரி புத்தி வளர்ச்சி குன்றியவராக இருந்தார். 1941-இல் தகப்பனாருடைய ஏற்பாட்டில் அவருக்கு மூளையில் அறுவை செய்து, அவர் முன்னிருந்ததைவிடக் கெட்டுப் போய், கடைசியில் தூரத்தில் ஒரு விடுதியில் வைக்கப்பட்டார். கோடீஸ்வரக் குடும்பம், ஆனாலும் வெளியில் பல வருஷம் மூடி மறைத்தார்கள். பின்னால் அவருடைய தங்கை யூனிஸ் என்பவர்தான் அந்த மூடியைத் திறந்து, எங்கள் வீட்டில் இப்படி ஒருவர் உண்டு என்று பத்திரிகையில் பகிரங்கமாக எழுதி, 1968-இல் புத்தி வளர்ச்சி குன்றியவர்களுக்கென்றே விளையாட்டுப் பந்தயங்களை உலகறிய ஏற்படுத்தினார். கூடப் பிறந்தவர்களிடத்தில் உண்மையை மறைக்காமலிருந்தால் அவர்களால் என்ன செய்யக் கூடும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

அதே அமெரிக்காவில், டான் மேயர் என்பவர் 1980-களில் ஒரு சுலபமான காரியம் செய்தார். ஊனமுள்ள பிள்ளைகளோடு பிறந்த பிள்ளைகளை மாத்திரம் ஓரிடத்தில் கூட்டி, விளையாட வைத்து, சாப்பாடு போட்டு, தங்கள் வீட்டு விஷயத்தைத் தங்களுக்குள் பேச வைத்தார். உபதேசம் இல்லை, பரீட்சை இல்லை. "எனக்கு மாத்திரம்தான் இப்படி" என்று எண்ணியிருந்த பிள்ளை, பக்கத்துப் பிள்ளையும் அதையே சொல்லக் கேட்கும்போது உண்டாகிற தைரியத்தை எந்த மருந்தும் கொடுக்காது. அந்த முறை இன்றைக்குப் பல நாடுகளில் பரவியிருக்கிறது. இதற்குப் பெரிய கட்டிடமோ லட்ச ரூபாயோ தேவையில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நமது ஜில்லாவிலேயே வழிகாட்டி இல்லாமலில்லை. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலற்றுப் போன எஸ். இராமகிருஷ்ணன் என்பவர் 1981-இல் அமர் சேவா சங்கம் என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். அவர் பொறியியல் மாணவராயிருந்தபோது கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து முதுகுத் தண்டு அடிபட்டவர். அந்த ஸ்தாபனத்திலிருந்து பணியாளர்கள் கிராமம் கிராமமாக வீட்டுக்கே போய், சிறு வயதிலேயே ஊனத்தைக் கண்டுபிடித்துப் பயிற்சி கொடுத்து வருகின்றார்கள். 2020-இல் அவருக்கு சர்க்கார் பத்மஸ்ரீ பட்டம் அளித்தது. கர்மம் என்று படுத்திருந்தால் ஆய்க்குடியில் என்ன நடந்திருக்கும்? புளியங்குடியிலிருந்து அது பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம்தான். கோயில் கோயிலாக அலைகிற கூட்டம் அங்கே ஒரு தடவை போய் வரட்டும்.

சர்க்காரிடமும் கேட்டு வாங்க வேண்டியவை இருக்கின்றன. கடும் ஊனமுள்ளவர்களுக்கும் புத்தி வளர்ச்சி குன்றியவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறார்கள். 2016-ஆம் வருஷத்துச் சட்டம் 21 வகை ஊனங்களை ஒப்புக் கொண்டு, அளவுக்கு மேற்பட்ட ஊனமுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசப் படிப்பை உரிமையாக்கியிருக்கிறது. தம்பி பகலில் பள்ளிக்கூடம் போனால் அக்காளுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஆகவே, தம்பிக்குச் சேர வேண்டியதை வாங்கிக் கொடுப்பதே அக்காளுக்குச் செய்கிற முதல் உதவி. பெற்றோருக்குப் பின் யார் என்ற கேள்விக்கும், 1999-ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, புத்தி வளர்ச்சிக் குறைவு, மூளை வாதம், ஆட்டிசம் முதலியவை உள்ளவர்களுக்குக் கலெக்டர் இருக்கிற கமிட்டியின் மூலம் சட்டப்படியான பாதுகாவலரை ஏற்படுத்திக் கொள்ள இடமிருக்கிறது. அப்படியிருக்க, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கண்ணீர் விட்டு வாக்குறுதி வாங்குவது அநியாயமல்லவா?

சிலர் கேட்கலாம்: "இப்படியெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் அண்ணன் தம்பி பாசம் போய்விடாதா? நாளைக்கு ஊனமுள்ளவனை யார் பார்ப்பார்கள்?" இந்தக் கேள்வி நியாயமான பயத்திலிருந்து வருவதால் அதை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் பயத்துக்கு மருந்து பலவந்தமல்ல. சின்ன வயதிலேயே முதுகு ஒடியச் சுமந்தவன், தலையெடுத்ததும் பட்டணத்துக்கோ துபாய்க்கோ ஓடிப் போய் ஊர்ப் பக்கமே திரும்பாமலிருப்பதை நாம் பார்க்கவில்லையா? தன் படிப்பும் தன் விளையாட்டும் தனக்குக் கிடைத்து வளர்ந்த பிள்ளையே, பிற்காலத்தில் தன்னிஷ்டப்படி தம்பியை நினைத்துப் பார்க்கும். சுமை பலர் தோளில் பிரிக்கப்பட்டால் யாரும் கீழே போட மாட்டார்கள். ஒரே தோளில் வைத்தால் இன்றில்லாவிட்டால் நாளை அது விழத்தான் விழும். யாருமில்லாமல் விழுந்தவர்களுக்கு என்ன நேரிட்டது என்பதை ஏர்வாடியில் பார்த்தோம். 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி, தர்காவில் குணமாகும் என்று குடும்பத்தார் கொண்டு வந்து விட்ட மனநோயாளிகள் 28 பேர், சங்கிலியோடு கொட்டகையில் வெந்து செத்தார்கள். அவர்களையும் யாரோ பெற்றார்கள். அவர்களோடும் யாரோ கூடப் பிறந்திருந்தார்கள். அக்குடும்பங்களுக்குத் தோள் கொடுக்க ஊரும் இல்லை, சர்க்காரும் இல்லை என்பதுதான் அந்தக் கொட்டகைக்கு அஸ்திவாரம்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். பெற்றோர்களே! உங்கள் மூத்த பிள்ளைக்கு விஷயத்தை உள்ளபடி சொல்லுங்கள். வாரத்தில் ஒரு சாயங்காலமாவது அதற்கென்றே ஒதுக்குங்கள். அன்றைக்குத் தம்பியின் பேச்சு வேண்டாம். வேலையில் ஆண் பெண் பேதம் பார்க்காமல் பங்கு போடுங்கள். தகப்பனுக்கும் கை உண்டு. வருங்காலத்துக்கு ஏற்பாட்டை நீங்கள் செய்துவிட்டு, பிள்ளையிடம் அபிப்பிராயம் கேளுங்கள், கட்டளை போடாதீர்கள். உபாத்தியாயர்களே! வகுப்பில் தூங்குகிற பெண்ணைப் பெஞ்சியில் ஏற்றுமுன், ராத்திரி அவள் எத்தனை மணிக்குப் படுத்தாள் என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். பெண் தேடப் போகும் வாலிபர்களே! தம்பியை வைத்துக் காப்பாற்றிய பெண்ணைவிடப் பக்குவம் தெரிந்தவள் உங்களுக்கு எங்கே கிடைக்கப் போகிறாள்?

நமது இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஊருக்கு ஊர் படிப்பகம் இருக்கிறது. ஞாயிற்றுக் கிழமை அதில் பேப்பர் படிப்பதோடு நின்று விடுகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளை அங்கே கூட்டுங்கள். பிரசங்கம் செய்யாதீர்கள், பேச விடுங்கள், கேளுங்கள். அந்த இரண்டு மணி நேரம் தம்பியைப் பார்த்துக் கொள்ளத் தோழர்களில் இருவர் அவ்வீட்டுக்குப் போங்கள். 2025-இல் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத் திறனாளிகளை நியமன அங்கத்தினராக்கத் தமிழ்நாட்டுச் சட்டசபை சட்டம் செய்திருக்கிறது. புளியங்குடி முனிசிபாலிட்டியிலும் மற்ற ஊர்களிலும் அப்படி வருகிற அங்கத்தினரைக் கொண்டு, ஊனமுள்ள பிள்ளைகளுக்குப் பகல் நேரப் பராமரிப்பு இடம் ஒன்று ஊருக்கு ஊர் வேண்டுமென்று கேட்கச் செய்யுங்கள்.

கூடப் பிறந்தது குற்றமல்ல. அந்தப் பிள்ளை யாருக்கும் கடன்படவில்லை. அதற்குத்தான் நாமெல்லோரும் ஒரு கேள்வி கடன்பட்டிருக்கிறோம். "உனக்கு எப்படியம்மா இருக்கிறது?" என்று நாளைக்கே போய்க் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் சொல்லி முடிக்கும் வரையில் எழுந்திருக்காதீர்கள்.